கதிரை இறக்கிய வீடு

சுவிசின் ஓல்டன் நகரில், ரயில் நிலையத்திலிருந்து ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறினால் வரும் ஒரு குடியிருப்புத் தெருவில், 1985இல் பிணை விடுதி ஒன்றைத் திறந்தார்கள். வழக்கு முடியும்வரை ஓர் ஆளை மறியலில் பூட்டி வைத்திருக்கத் தேவையில்லை, ஆனால் அவன் போக்கில் விடவும் முடியாது என்று நீதிபதி நினைத்தால் இங்கே அனுப்புவார். எட்டுக் கட்டில்கள். எட்டிலும் ஆட்கள். கீழே சமையலறை. அங்கே நித்தியானந்தன்.

அவர் சுன்னாகத்துக்காரர். ஊரில் சீமெந்துக் கடையில் வேலை. ஆனால் ஊர் அவரை அறிந்தது மரண சகாய சங்கத்தின் செயலாளராகத்தான். ஒரு வீட்டில் சீவன் இழுத்துக்கொண்டிருந்தால் முதலில் வைத்தியரைக் கூப்பிடுவார்கள், பிறகு அவரை. வரிசை மாறியும் நடந்ததுண்டு. உட்காரக் கதிரை, பந்தல், விறகு, தேத்தண்ணி எல்லாம் அவர் பொறுப்பு. வருடா வருடம் அவரையே தெரிவு செய்தார்கள். எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. கலியாணப் பேச்சுகள் இரண்டொன்று வந்து போயின. அவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும், பெண் வீட்டுக் கிழவர்கள் யாருக்கு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

84இல் சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார். முடிவு வரும்வரை சமையலறை வேலை செய்யலாம் என்று மாநிலம் அனுமதித்தது. விடுதியில் சமையலும் துப்புரவும் அவருக்கு. மேலே கூரைக்குக் கீழே ஓர் அறையும் கொடுத்தார்கள். ஆக, அந்த வீட்டில் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள் எட்டுப் பேர் அல்ல, ஒன்பது பேர்.

பொறுப்பாளர் ஃப்ராவ் கெல்லர். அங்கே மரியாதைக்குப் பெண்ணுக்கு ஃப்ராவ், ஆணுக்கு ஹெர். முன்பு பாலர் பள்ளி ஆசிரியை. குற்றவாளிகள் என்று யாராவது சொன்னால், "குற்றம் சாட்டப்பட்டவர்கள்" என்று திருத்துவார். பாலர்களைவிட இவர்கள் சுலபம், இவர்கள் கடிப்பதில்லை என்பது அவர் அபிப்பிராயம். விதிகளை அவர் சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தார். மாலை ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும். மது கூடாது. பகலில் வெளியே போவதற்குப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். இவை மாநிலம் போட்டவை. இவற்றுக்குக் கீழே வேறு இரண்டு இருந்தன. தெருவில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நடக்கக் கூடாது. அயல் வீட்டு நிலத்தில் கால் வைக்கக் கூடாது.

அந்த இரண்டும் ஹெர் ஷ்டூடர் போட்டவை.

ஷ்டூடர் எதிர்வீடு. ரயில்வேயில் சமிக்ஞைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். விடுதி திறந்த நாளிலிருந்து வேலிச் செடிக்குப் பின்னால் மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாலையில் யாராவது ஏழு தாண்டி வந்தால் ஃப்ராவ் கெல்லருக்குத் தொலைபேசி வரும். ஏழுக்கு முன்னால் வந்தாலும் வரும். ஏன் இத்தனை சீக்கிரம் என்று. தெரு முழுவதும் நடந்து, விடுதியை மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். நகரசபை இரு பக்கமும் பார்த்து ஒரு வருடத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. வருட முடிவில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்து, நீட்டிப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பார்கள். மூடினால் எட்டுப் பேரும் மறியலுக்குத் திரும்ப வேண்டும். நித்தியானந்தனுக்கு வேலையும் இல்லை, அறையும் இல்லை.

கூட்டத்துக்கு ஒரு கிழமை இருந்தது. ஃப்ராவ் கெல்லர் மாநில அலுவலகத்தில் பேசுவதற்காகச் சொலத்தூர்னுக்குப் புறப்பட்டார். போகும்போது நித்தியானந்தனிடம் சொன்னார்:

"நான் வரும்வரை நீங்கள் பொறுப்பு. தயவுசெய்து எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம்."

அன்று சமையலறையில் அவருக்கு உதவி ராசா. கோப்பாய்ப் பெடியன். சூரிச்சில் ஒரு கலைவிழாவில் ஒருவரைக் கதிரையால் அடித்த வழக்கு. தான் கதிரையைத் தூக்கியது மட்டுமே உண்மை, அந்த ஆள்தான் வந்து அதில் மோதினார் என்பது அவன் கட்சி. உருளைக்கிழங்கு உரித்தபடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, முன்வீட்டுக் கேற் திறந்து கிடக்குது."

"அந்த மனுசன் கேற் திறந்து போடுற ஆளில்லையே."

"வந்து பாருங்கோவன். லொறி வந்து நிக்குது. கதிரை இறக்கினம்."

நித்தியானந்தன் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். மடிக்கும் கதிரைகள். இரண்டு பேர் இறக்கித் தோட்டத்தில் வரிசையாக விரித்தார்கள். பிறகு வெள்ளைத் துணிக் கூடாரம் ஒன்று எழுந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காரின் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்கள். ஒருவர் கையில் வெள்ளைப் பூ.

"கலியாணமோ?" என்றான் ராசா.

"கலியாணமெண்டால் சத்தம் கேக்காதோ? ஒருத்தன் சிரிக்கிறானோ பார்."

"இவங்கள் எப்பவும் இப்பிடித்தானே அண்ணை. சிரிக்கிறதுக்கும் பெர்மிற் எடுக்கோணும்."

"பகிடி விடாதை. அந்த மனுசனை நான் கடைசியாக் கண்டது, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சுக் காரிலை ஏத்தேக்கை. அதுக்குப் பிறகு வேலிக்குப் பின்னாலை ஆளே இல்லை."

"ஓம், அதுதான். மூண்டு கிழமையா ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை எண்டு எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடந்தது."

நித்தியானந்தன் கையைக் கழுவித் துடைத்தார். கதிரை இறக்குகிற வீடு என்றால் கலியாண வீடு, அல்லது செத்தவீடு. இதில் மூன்றாவது ஒன்று இருப்பதாக அவருடைய அனுபவத்தில் இல்லை.

"இறைச்சியைத் திருப்பிக் குளிர்ப்பெட்டிக்குள்ளை வை. பெரிய பானையை எடு."

"என்னத்துக்கு?"

"செத்தவீட்டிலை அடுப்பு மூட்டேலாது. அயலுக்குத்தான் சமைச்சுக் குடுக்கிற பொறுப்பு. அயல் நாங்கள்தானே."

"அண்ணை, எங்களைத் திருப்பி உள்ளை அனுப்பவெண்டு கையெழுத்து வாங்கின மனுசன்."

"செத்தவீட்டிலை கோபம் பாக்கிறேல்லை."

"செத்தவருக்குச் சரி. நான் உயிரோடை இருக்கிறன். எனக்குக் கோபம் கிடக்கு."

"அப்ப கோபத்தோடை வா. சத்தம் போடாமல் வா."

சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். வைக்கும்போது அடிக்கடி ஜன்னலால் பார்த்தார். ஷ்டூடரின் தாளில் கையெழுத்துப் போட்ட எந்த வீட்டிலிருந்தும் ஒரு சட்டி வெளியே வரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு எல்லோரையும் சாப்பாட்டறைக்குக் கூப்பிட்டார். அவருடைய ஜெர்மன் சமையலறை அளவுதான். ஆனால் செத்தவீட்டுக்கு அது போதும். கை கொடுக்கக் கூடாது. சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சிரிக்கக் கூடாது. திரும்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். எட்டுப் பேரும் கவனமாகக் கேட்டார்கள். விதிகளைக் கேட்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

ரூடி என்பவர் கை உயர்த்தினார். பிறர் கையெழுத்தில் காசோலை எழுதிய வழக்கு அவருக்கு. நல்ல குரல், நரைத்த கிருதா.

"யாராவது நாலு வார்த்தை பேச வேண்டாமா? நான் பேசுகிறேன்."

"உங்களுக்கு அவரைத் தெரியாதே," என்றார் நித்தியானந்தன்.

"அதனால்தான் நன்றாகப் பேச முடியும்."

வெளியே போகும் அனுமதியைப் பொறுப்பில் இருந்த நித்தியானந்தனே கொடுத்தார். விதிகளில் மிச்சம் இரண்டு சிக்கல். தெருவில் மூன்று பேருக்கு மேல் கூடாது. அதற்கு நித்தியானந்தன் வழி கண்டார். தன்னையும் சேர்த்து ஒன்பது பேர்; மூன்று மூன்றாகப் பிரித்தார். முதல் மூவர் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் அடுத்த மூவர் புறப்பட வேண்டும். எதிர்வீடுதான் என்றாலும் தெருவைக் கடக்கும் கோடு தெருமுனையில் இருந்தது; சுற்றித்தான் போக வேண்டும். அயல் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்ற விதியை ராசா நினைவுபடுத்தினான்.

"செத்தவீடு ஒருத்தற்றை நிலமும் இல்லை," என்றார் நித்தியானந்தன். "எல்லாருக்கும் பொது."

அப்படியே போனார்கள். முதலில் ரூடி உட்பட மூவர். பிறகு ஒரு கம்பம் இடைவெளி. பிறகு மூவர், அவர்களில் வீடு உடைத்த வழக்கில் இருந்த பெரிய உடம்புக்காரன் ஒருவன், தன் அப்பாவை நினைத்துப் பாதி வழியிலேயே அழத் தொடங்கிவிட்டான். கடைசியில் பானையோடு நித்தியானந்தனும், குழம்போடு ராசாவும், பருப்போடு இன்னொருவரும். ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக அசைந்தன.

உண்மையில் அந்த வீட்டில் நடந்தது வேறு. ஷ்டூடர் முழங்கால் சத்திரசிகிச்சை செய்து, மூன்று கிழமையாகக் குளியல் சிகிச்சை ஊர் ஒன்றில் இருந்தார். அன்று திரும்பி வருகிறார். அவர் நகரத்து ஆண்கள் பாடகர் குழுவில் சேர்ந்து நாற்பது வருடம். குழுவினர் அவருக்குத் தெரியாமல் ஒரு விழா வைத்திருந்தார்கள். கறுப்புக் கோட்டு அவர்களுடைய மேடை உடுப்பு. சத்தம் போடாமல் இருந்தது, அவர் எந்த நேரமும் வந்துவிடலாம் என்பதால்.

வாசலில் ஒன்பது சோடிச் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. பாடகர்கள் வழிவிட்டார்கள். யாரோ அழைத்துத்தான் வருகிறார்கள் என்று நினைத்தார்கள். திருமதி ஷ்டூடர் சமையலறையிலிருந்து வந்து உதட்டில் விரல் வைத்தார். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்பது பிறகு தெரிந்தது.

"சாப்பாடு," என்றார் நித்தியானந்தன், தலையைக் குனிந்து.

அந்த அம்மா பானையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். குளிர் இறைச்சித் தட்டுகள் போதுமா என்று காலையிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"எங்களுக்கா? நீங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும்," என்றார் நித்தியானந்தன்.

அப்போது ரூடி முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். தாழ்ந்த குரலில் பேசினார். இந்தத் தெருவில் ஒழுங்கு என்றால் அது ஒரு மனிதர்தான். நாங்கள் எப்போது போனோம், எப்போது வந்தோம் என்று அக்கறைப்பட எங்களைப் பெற்றவர்கள்கூட அப்படி நின்றதில்லை. ரயில்வேயில் பயணச்சீட்டுப் பிரிவில் எத்தனை ஆயிரம் பேரை அவர் சரியான இடத்துக்கு அனுப்பிவைத்திருப்பார். இனி அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அவர் நினைவு வரும். அவருக்கு ஈடு யாரும் இல்லை.

திருமதி ஷ்டூடர் ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார். இந்த முறை வெங்காயம் இல்லை. பாடகர்கள் சத்தம் வராமல், விரல் நுனியால் கை தட்டினார்கள். செத்தவீட்டில் கை தட்டுவதை நித்தியானந்தன் கண்டதில்லை. இவர்களுடைய வழக்கம் போலும் என்று அவரும் மெல்லத் தட்டினார். ராசா அவர் காதோரம் குனிந்தான்.

"அண்ணை, பெட்டி எங்கை?"

"உள்ளை கிடக்கும்."

"ஒருத்தரும் உள்ளை போகேல்லையே. எல்லாரும் கேற்றைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

நித்தியானந்தனும் திரும்பிப் பார்த்தார். பிரேதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து இனித்தான் கொண்டுவருவார்கள் போலும். அந்த நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. கதவைத் திறந்து, ஊன்றுகோலை முன்னால் விட்டு, ஹெர் ஷ்டூடர் இறங்கினார்.

பாடகர் குழுத் தலைவர் கையை உயர்த்தினார். நாற்பது குரல்கள் ஒன்றாக, மிக உருக்கமாகப் பாட ஆரம்பித்தன.

ஷ்டூடர் அப்படியே நின்றார். தன் தோட்டத்தில் கூடாரம். கதிரைகள். கறுப்புக் கோட்டுகள். வெள்ளைப் பூ. நடுவில், முன்வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் காலுறையோடு தலை குனிந்து நிற்கிறார்கள். ஒரு தடியன் தேம்பித் தேம்பி அழுகிறான். அவர் முகம் வெளுத்தது. படலைக்கு அருகில் நின்ற நித்தியானந்தனின் கையைப் பிடித்தார்.

"யார்?" என்றார். "ஏர்னாவா? என் ஏர்னாவா?"

நித்தியானந்தன் பொய் சொல்லத் தெரியாதவர். அதிலும் செத்தவீட்டில்.

"இல்லை," என்றார். "நீங்கள்."

பாட்டு இரண்டாம் அடியில் சிதறி நின்றது. ஏர்னா ஓடி வந்தார். விளக்கம் சொல்ல எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்க ஷ்டூடருக்கு இன்னும் கொஞ்சம். அவர் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். நித்தியானந்தனை நெடுநேரம் பார்த்தார்.

"தெருவில் எத்தனை பேராக வந்தீர்கள்?"

"மூன்று மூன்றாக."

"இடைவெளி?"

"ஒரு விளக்குக் கம்பம்."

"முதல் மூவர் கம்பத்தைத் தாண்டும் முன்பு அடுத்தவர்கள் புறப்பட்டார்களா?"

"இல்லை."

"ம்," என்றார் ஷ்டூடர். வாழ்நாள் முழுவதும் அவர் ரயில்களை அப்படித்தான் அனுப்பியவர். பிறகு நினைவு வந்தவர் போல முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "இது என்னுடைய நிலம்."

நித்தியானந்தன் தலையசைத்தார். எட்டுப் பேரும் அவரோடு, சொல்லிக் கொடுத்தபடியே, கை கொடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மூன்று மூன்றாகத் திரும்பினார்கள். பானை அங்கேயே நின்றது.

மாலையில் ஃப்ராவ் கெல்லர் வந்தார். ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே மூன்று பேர் அவரை நிறுத்திச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆள் தொகை கூடியிருந்தது.

"ஹெர் நித்தி, புதிதாக எதுவும் செய்ய வேண்டாம் என்றேன்."

"புதிதாக ஒன்றும் இல்லை. செத்தவீட்டுக்குப் போவது பழைய வேலை."

"தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"செத்தவீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, செத்தது உண்மையா என்று எப்படிக் கேட்பது?"

ஃப்ராவ் கெல்லர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். சொலத்தூர்னில் அன்று முழுவதும் அவர் அதிகாரிகளிடம் சொல்லிவந்தது, இந்த விடுதி இருப்பதே அயலுக்குத் தெரியாது என்பதுதான்.

அந்தக் கிழமை வீட்டில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. பெரிய உடம்புக்காரன் தன் உடுப்புகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். நித்தியானந்தன் அடுப்பை மூன்று முறை தேய்த்தார். ராசாவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை.

"ஊரிலை செத்த ஆக்களைத்தான் எடுத்தியள். இஞ்சை உயிரோடை இருந்த மனுசனை எடுக்கப் பாத்தியள்."

"போதும் ராசா."

"எங்கள் எட்டுப் பேரையும் சேத்தெல்லோ எடுத்துப் போட்டியள்."

நித்தியானந்தன் அடுப்புப் பக்கம் திரும்பினார். அது உண்மை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு அவரும் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்துத் தூசி தட்டினார்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. விடுதிக்காரர்கள் வரக் கூடாது. ஃப்ராவ் கெல்லரும் நித்தியானந்தனும் கடைசி வரிசையில் இருந்தார்கள். மாநில அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து வருட அறிக்கையை வாசித்தார். பிறகு அயலவர் யாரும் பேச விரும்புகிறார்களா என்று கேட்டார். ஷ்டூடர் ஊன்றுகோலோடும் ஒரு தாளோடும் எழுந்தார்.

பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் எட்டுப் பேர் வெளியே வந்தார்கள் என்றார். தன்னுடைய நிலத்தில் நுழைந்தார்கள். பகிரங்கமாக, சாட்சிகள் முன்னால், தன்னைச் செத்துப்போனவர் என்று அறிவித்தார்கள். திரும்பும்போது ஒருவரும் கை கொடுக்கவில்லை, விடை சொல்லவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். "ஆகவே விடுதியை மூட வேண்டும் என்கிறீர்கள்?"

ஷ்டூடர் பதில் சொல்ல மூச்சு இழுத்தார். அதற்குள் பக்கத்தில் இருந்த ஏர்னா எழுந்துவிட்டார். பொதுக்கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"இவர் மூன்று கிழமை குளிக்கப் போயிருந்தார்," என்றார் ஏர்னா. "ஒவ்வொரு நாளும் தொலைபேசி. தன் முழங்கால் எப்படி என்று சொல்லவில்லை. நான் எப்படி என்று கேட்கவில்லை. முன்வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்று கேட்டார். அந்த வீட்டை மூடினால் இவர் நாள் முழுவதும் யாரைப் பார்த்துக்கொண்டிருப்பார்? என்னைத்தான். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை."

பின் வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அவளுடைய கணவரும் ஓய்வு பெற்றவர். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் போய் அதிகாரியை எட்டியது.

"இன்னொன்று," என்றார் ஏர்னா. "எங்கள் தெருவில் எத்தனை வீடு? நான் சாகும்போது பானையோடு வரப்போவது எந்த வீடு என்று எனக்குத் தெரியும். சோறு நன்றாயிருந்தது. பானையைக் கழுவி வைத்திருக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். ஷ்டூடர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தாளை நாலாக மடித்தார்.

"மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை," என்றார். "ஒழுங்காக நடத்த வேண்டும் என்கிறேன். அதற்கு விதிகள் போதாது."

அவர் கையில் வேறொரு தாளும் இருந்தது.

வாக்கெடுப்பில் அனுமதி மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் கை உயர்த்தவில்லை, மீதிப் பேர் எந்தப் பக்கம் உயர்த்தினோம் என்று பிறகு சொல்லவில்லை. விடுதிக்கு அயலவர் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்று மாநிலம் நிபந்தனை வைத்தது. கிழமைக்கு ஒருமுறை அவர் வந்து பார்வையிடலாம். அந்தப் பதவிக்கு ஒருவர்தான் போட்டியிட்டார்.

சாப்பாட்டறைச் சுவரில் புதிய தாள் ஏறியது. குழுவாக வெளியே செல்வதானால் மூன்று மூன்றாக, ஒரு விளக்குக் கம்ப இடைவெளியில் செல்லலாம். கடைசியில் ஷ்டூடர் தன் கையாலேயே எழுதிய ஒரு விதி: அயலில் மரணம் நிகழ்ந்ததாகக் கருதித் துக்கம் விசாரிக்கச் செல்லுமுன், மரணம் நிகழ்ந்ததைப் பொறுப்பாளர் தொலைபேசி மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"எங்கடை சங்கத்திலை இப்பிடி ஒரு விதி இல்லாமல் போச்சு," என்றார் நித்தியானந்தன், அதை வாசித்துவிட்டு.

"இருந்திருந்தால் நீங்கள் கலியாணம் கட்டியிருப்பியள்," என்றான் ராசா.

புதன்கிழமைகளில் ஷ்டூடர் வந்தார். படிக்கட்டின் கைபிடியை ஆட்டிப் பார்த்தார். கத்திகள் இருந்த லாச்சியைத் திறந்து மூடினார். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் வந்தார் என்று ராசா சொன்னான். கத்தரிக்காய்க் குழம்பில் உறைப்பு அதிகம் என்று ஒவ்வொரு கிழமையும் முறைப்பாடு எழுதினார். தட்டை வழித்துவிட்டு எழுதினார். ரூடியை மட்டும் ஒருநாள் தனியாக அழைத்தார். வழக்கு முடிந்து அவர் உள்ளே போவது நிச்சயம் என்று தெரிந்திருந்தது.

"அன்றைக்குப் பேசியதை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு திருத்தம். நான் சமிக்ஞைப் பிரிவு. பயணச்சீட்டுப் பிரிவு அல்ல."

ரூடி எழுதிக் கொடுத்தார். தன் சொந்தக் கையெழுத்தில்.

ராசாவுக்கு நீதிமன்றம் தண்டனையை ஒத்திவைத்தது. அவன் கூர் நகருக்குப் போய் ஒரு ஹோட்டல் சமையலறையில் சேர்ந்தான். பெரிய உடம்புக்காரனும் போனான். எட்டுக் கட்டில்களிலும் வேறு எட்டுப் பேர் வந்தார்கள். நித்தியானந்தனின் விண்ணப்பத்துக்கு மட்டும் முடிவு வரவில்லை. அது பற்றி ஷ்டூடர் பெர்னில் உள்ள அகதி அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினார். தாமதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருந்தார், ரயில்வே வழக்கம்.

88ஆம் வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை, வெதுப்பகத்தில் எதிர்வீட்டைப் பற்றி ஒரு செய்தி கேள்விப்பட்டதாக ஃப்ராவ் கெல்லர் வந்து சொன்னார். நித்தியானந்தன் ஜன்னலால் பார்த்தார். எதிர்வீட்டுக் கேற் சாத்தியிருந்தது. கதிரை ஒன்றும் இறக்கவில்லை. வேலிக்குப் பின்னால் பனி மட்டும் கிடந்தது.

ஃப்ராவ் கெல்லர் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். "பொறுப்பாளர் நான்தான். ஆனால் இதை நீங்களே கேளுங்கள்."

அவர் எண்களைச் சுழற்றினார். மறுமுனையில் ஏர்னா எடுத்தார்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் நித்தியானந்தன். "விதிப்படி கேட்க வேண்டியிருக்கிறது. ஹெர் ஷ்டூடர் இறந்துவிட்டாரா?"

மறுமுனையில் கதிரை ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாம், ஹெர் நித்தி. இந்த முறை ஆமாம்." பிறகு கேட்டார்: "எத்தனை பேர் வருகிறீர்கள்?"

"ஒன்பது."

"மூன்று மூன்றாக வாருங்கள். அவருக்குப் பிடிக்கும்."

பெரிய பானையில் சோறு வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார், உறைப்பைக் குறைக்கவில்லை. புதிய எட்டுப் பேருக்கும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி விட்டுப் போனார்கள். பாடகர் குழுத் தலைவர் ரூடியின் பேச்சை வாசித்தார். சமிக்ஞைப் பிரிவு என்று சரியாக வாசித்தார். யாரும் கை தட்டவில்லை.

புறப்படும் நேரம் வந்தது. பாடகர்கள் ஒவ்வொருவராக ஏர்னாவின் கையைப் பிடித்து விடைபெற்றார்கள். நித்தியானந்தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். வாசலில் நின்ற ஏர்னா பழக்கத்தில் அவரை நோக்கிக் கையை நீட்டினார். பாதியில் அவர்களுடைய வழக்கம் நினைவு வந்தது. கையை மடக்கி ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பித் தோட்டத்தைப் பார்த்தார்.

நித்தியானந்தன் ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கினார். முன்னால் போனவர்கள் கம்பத்தைத் தாண்டும்வரை நின்றார்.